முகமாலை மண்ணில் யார் பணம்?

கேள்வி: மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிறோம். எங்கள் காணி முகமாலைப் பக்கம். கண்ணிவெடி இன்னும் எடுக்கிறார்களாமே, யார் செலவில்?

பதில்: எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். (உங்கள் ஊரில் ‘மிதிவெடி’ என்பீர்கள், மிதித்தால் வெடிப்பதற்கு அதுதான் சரியான பெயர்.) பணம் பெரும்பாலும் ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளுடையது. வேலை செய்வது 2002 முதல் இலங்கையில் இருக்கும் ஹேலோ டிரஸ்ட், மேக் ஆகிய கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள்; அவற்றோடு உள்ளூர் அமைப்பான டாஷ், இலங்கை ராணுவம். 2009-இல் போர் முடிந்த பிறகு இந்தியாவும் தன் செலவில் குழுக்களை அனுப்பியது. ஆனால் கண்ணிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இலங்கை 2017-இல் சேர்ந்துவிட, இந்தியா இன்னும் சேரவில்லை!

ஏன் இத்தனை ஆண்டு? முகமாலை, ராணுவமும் புலிகளும் பல வருடம் எதிரெதிரே நின்ற முன்னரங்கு. வெடிகள் நெருக்கமாகப் புதைந்திருக்கின்றன. பிளாஸ்டிக், மரப்பெட்டி வெடிகளில் உலோகம் மிகக் குறைவு. உலோகத்தைத் தேடும் கருவி எளிதில் கண்டுபிடிக்காது. அதனால் மண்வாரியால் அடுக்கடுக்காகச் சுரண்டுகிறார்கள், வெயிலில், முகக்கவசத்தோடு. இதில் பெண்கள் ஏராளம். போரில் கணவரை இழந்து குடும்பத்தைச் சுமப்பவர்களும் உண்டு.

ஊர் திரும்பினால் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைத் தாண்டாதீர்கள். உங்கள் காணி ஒப்படைக்கப்பட்டுவிட்டதா என்று பளையிலுள்ள பச்சிலைப்பள்ளி பிரதேச செயலகத்தில் முதலில் கேளுங்கள்.