நமீபியா செல்ஃப் டிரைவ்: பட்ஜெட்ல விட்டுப்போன ஒரு வரி

உடன்குடி தம்பி ஒருத்தர், நமீபியாவின் எட்டோஷா பூங்காவுக்குத் தானே கார் ஓட்டிப் போக பட்ஜெட் அனுப்பியிருந்தார். டிக்கெட், வாடகை, டீசல் எல்லாம் இருந்தது. 'எக்ஸெஸ்' இல்லை.

கார் அடிபட்டா இன்ஷூரன்ஸ் போக நாம கட்டவேண்டிய பங்கு அது. சாவி தரும்போதே அந்தத் தொகையை கிரெடிட் கார்டில் பிளாக் பண்ணுவாங்க. தம்பி அதே கார்டிலதான் விமான டிக்கெட் போட்டிருக்கார்; லிமிட் காலி! முதல்ல அந்த பில்லைக் கட்டச் சொன்னேன்.

அங்கே பெரும்பாலும் சரளை ரோடு. தேரிக்காட்டு மணல்ல பைக் சறுக்கினவங்களுக்குத் தெரியும். டயரும் கண்ணாடியும் பல சாதாரண கவரேஜில் வராது. தினசரி கூடுதல் கட்டி எக்ஸெஸைக் குறைக்கலாம். ஆனா அந்த ரெண்டும் சேருதான்னு எழுத்தில் வாங்கிட்டுக் கட்டுங்க.

சர்வதேச லைசென்ஸை ஊர்லயே ஆர்டிஓவில் எடுத்துடுங்க, 1 வருஷம் செல்லும். அங்கேயும் இடதுபக்க டிரைவிங்தான்.