மாட்டை ஓட்ட நாய் வேணுமா?

தோட்டத்தில் பசு வளர்க்கிறவர்களிடையே இரண்டு விதப் பேச்சு உண்டு. "நாய் ஒண்ணு இருந்தா போதும், மாடு தானா பட்டிக்கு வந்திடும்" என்பார்கள் சிலர். "நாயைக் கண்டா என் மாடு பாலையே அடக்கிக்கிடுது" என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எந்த இடத்தில் எது சரி என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நாய் வேலை செய்யும் இடங்கள்

அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மாட்டுப் பண்ணைகள் மிகப் பெரியவை. நூற்றுக்கணக்கான மாடுகள் பரந்த வெளியில் மேயும். மனிதரை அவை தினமும் காண்பதில்லை. இரண்டு மூன்று பேர் அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டுமானால் நாயின் உதவி பெரிய உதவிதான்.

இதற்கென்றே நாய் இனங்களை உண்டாக்கினார்கள். அவுஸ்திரேலியாவில் 1800களில் தோமஸ் ஹோல் என்ற பண்ணைக்காரர், மந்தை ஓட்டும் நாய்களை அந்நாட்டுக் காட்டு நாயான டிங்கோவோடு கலந்து ஓர் இனத்தை வளர்த்தார். அந்த நாய் மாட்டின் குதிகாலை இலேசாகக் கவ்விவிட்டு, உதை படாமல் தரையோடு படுத்துக்கொள்ளும். போர்டர் கொலி என்ற இனமோ வளைந்து சுற்றிப் போய், உற்றுப் பார்த்தே மந்தையை எஜமானிடம் கொண்டுவரும்.

இந்த நாய்களை மாதக் கணக்காகப் பழக்குகிறார்கள். "நில்" என்றால் ஓடுகிற ஓட்டத்திலேயே நிற்க வேணும். ஒரு சொல்லுக்கு நிற்காத நாய் மாடு மேய்க்கிற நாய் அல்ல, மாட்டைத் துரத்துகிற நாய்.

மாடு எதனால் நகர்கிறது?

மாட்டின் நடத்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின் அம்மையார். அவர் விளக்குவது இதுதான். ஒவ்வொரு மாட்டையும் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. அதற்குள் நாம் கால் வைத்தால் மாடு விலகும். நாம் பின்வாங்கினால் அதுவும் நிற்கும். தோள்பட்டைக்குப் பின்பக்கம் நின்று நெருங்கினால் முன்னால் போகும். தோளுக்கு முன்பக்கம் வந்தால் பின்வாங்கும். நேர் பின்னால் நின்றால் மாட்டுக்கு நம்மைத் தெரியாது, அதனால் மிரண்டு உதைக்கும்.

பண்ணை வெளியில் வளர்ந்த மாட்டுக்கு இந்த வட்டம் பெரியது. தினமும் தடவிக் கொடுத்துப் பால் கறக்கிற நம்ம வீட்டுப் பசுவுக்கு வட்டமே இல்லை எனலாம். பக்கத்தில் போனால் நக்கிக் கொடுக்கும். தூர விலகி ஓடுகிற மாட்டுக்குத்தான் நாய் தேவை. நம்மைத் தேடி வருகிற மாட்டுக்கு நாய் எதற்கு?

நாயால் வரும் நட்டம்

முதலாவது, பால். மாடு பயந்தால் அதன் இரத்தத்தில் பயச் சுரப்பு கூடுகிறது. அது பாலை இறங்க விடாது. மடியில் பால் இருந்தும் கறக்கக் கிடைக்காது. மடியில் பால் தங்கிப்போவது மடிநோய்க்கும் இடம் கொடுக்கும்.

இரண்டாவது, அடைத்த இடம். கொட்டிலிலும் ஒடுங்கிய பாதையிலும் மாடு விலகிப்போக வழியில்லை. அங்கே நாய் கடித்தால் மாடு உதைக்கப் பழகிவிடும். பிறகு அந்த உதை பால் கறக்கிற அக்காவுக்குத்தான் விழும்.

மூன்றாவது, கன்று போட்ட பசு. நாயைக் கண்டால் அது முட்ட வரும். நாய் பயந்து நம் காலடிக்கே ஓடி வரும். மாடும் அதன் பின்னாலேயே வந்து நம்மை மிதிக்கும். பிரித்தானியாவில் நாயோடு மேய்ச்சல் நிலத்தில் நடந்த பலர் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் நாயின் கயிற்றை உடனே விட்டுவிட வேணும். நாய் ஓடித் தப்பிக்கொள்ளும்.

நான்காவது, சினை கலைதல். நியோஸ்போரா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி மாட்டுக்குச் சினைக்கலைவை உண்டாக்குகிறது. அது நாயின் மலத்தில் வெளியாகிறது என்பதை 1998இல் கண்டுபிடித்தார்கள். இளங்கொடியையோ செத்த கன்றையோ தின்ற நாய் புல்லில் மலம் கழிக்கும். அந்தப் புல்லைத் தின்ற சினைமாடு நாலாம், ஐந்தாம், ஆறாம் மாதத்தில் கன்றை வீசிவிடலாம். ஒரு கன்றும் ஒரு பருவப் பாலும் போனால் வீட்டுக் கணக்கே தலைகீழாகிவிடும்.

விசர்நாய்க்கடி

விசர்நாய் கடித்த மாட்டுக்கும் விசர் வரும். எச்சில் வடியும், குரல் மாறிக் கத்தும், பின்கால் தள்ளாடும், தீனி விழுங்காது. "தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கையை விடக் கூடாது. எச்சில் வழியாக நோய் நமக்குத் தொற்றும். கொட்டிலை விட்டு விலகி, மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

மனிதரை நாய் கடித்தாலோ கீறினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேணும். மஞ்சள், மிளகாய்த் தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

நாம் செய்யக்கூடியது

1. மாட்டைக் கூப்பிட்டுப் பழக்குங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே குரல், கையில் கொஞ்சம் புண்ணாக்கு. சில நாளில் தானாக வரும்.
2. பால் கறக்கும்போதும் கன்று போடும்போதும் நாயைக் கட்டி வையுங்கள்.
3. இளங்கொடியை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.
4. வெட்டிய புல்லையும் தவிட்டையும் நாய் அசுத்தம் பண்ணாத இடத்தில் வையுங்கள்.
5. இராக் காவலுக்கு நாய் வளர்ப்பதில் தப்பில்லை. ஆண்டுதோறும் அதற்கு விசர் தடுப்பூசி போடுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

நம்ம மாடு எதைக் கண்டு மிரளுது? கன்று போட்ட அன்று இளங்கொடியை எங்கே போட்டோம்? வீட்டு நாய்க்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டோம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.