கம்பெனி கைமாறினால் உங்கள் சந்தா என்ன ஆகும்?

திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் ஒரு ரீசார்ஜ் கடை வாசலில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"அண்ணே, ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகப் போகுதாமே? நான் ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டிட்டேன். போயிடுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. பெரிய கம்பெனி ஆனா ஆஃபர்தான் கூடும்."

அக்காவின் பயமும் நியாயம், அண்ணனின் நம்பிக்கையும் நியாயம். இரண்டில் எது பலிக்கும் என்பது செய்தியில் இருக்கும் ஒரே ஒரு சொல்லைப் பொறுத்தது. நடக்கப்போவது இணைப்பா, சொத்து விற்பனையா, திவாலா? பொதுவாக நாம் மூன்றையும் "கம்பெனி கைமாறுது" என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் கட்டிய பணத்துக்கு மூன்றும் மூன்று வழி. உண்மையில் நடந்த மூன்று கதைகளை வைத்து அதைப் படிப்போம்.

1. இணைப்பு: ஒப்பந்தம் தொடரும், விலை மாறலாம்

செயற்கைக்கோள் வானொலி என்பது டிஷ் டிவி போலத்தான். வானத்திலிருந்து நேராக ஒலி வரும். கேட்க அதற்கென்று தனி ரேடியோ வேண்டும், சந்தாவும் கட்ட வேண்டும். அமெரிக்காவில் சிரியஸ், எக்ஸ்.எம். என்ற இரண்டே நிறுவனங்கள் இந்தச் சேவையைத் தந்தன. 2007 பிப்ரவரியில் இரண்டும் இணையப்போவதாக அறிவித்தன.

சந்தாதாரர்களின் ஆசை எளிமையானது. ஒன்றில் கால்பந்து வரும், மற்றதில் பேஸ்பால் வரும். இனி ஒரே சந்தாவில் இரண்டும் கிடைக்குமே! கவலை மூன்று. போட்டி இல்லாவிட்டால் விலை ஏறுமா? பிடித்த சேனல் போய்விடுமா? வாங்கிய ரேடியோ வீணாகுமா? இரண்டின் செயற்கைக்கோள்களும் வேறு, கருவிகளும் வேறு. அதனால் மூன்றாவது கவலையில் அர்த்தம் இருந்தது.

2008 ஜூலையில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 3-க்கு 2 என்ற வாக்கில் அனுமதி தந்தது. 3 ஆண்டுகளுக்கு அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. நடந்தது என்ன? பழைய ரேடியோக்கள் தொடர்ந்து பாடின. அதே ஆண்டு நவம்பரில் இரண்டின் சேனல் பட்டியலையும் சேர்த்தபோது சில சேனல்கள் காணாமல் போயின. 12.95 டாலர் மாதக் கட்டணம் அப்படியே இருந்தது. ஆனால் 2009-ல் இசை உரிமைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை சேர்ந்தது. நிபந்தனைக் காலம் முடிந்ததும், 2012 தொடக்கத்தில் கட்டணம் 14.49 டாலர் ஆனது.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. டிஷ் டிவியும் வீடியோகான் டி2எச்சும் 2018 மார்ச்சில் இணைந்தன. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31 அன்று இணைந்தன. வீட்டுக் கூரையில் இருந்த டிஷ்ஷைக் கழற்ற வேண்டி வரவில்லை. மொபைல் எண்ணும் மாறவில்லை.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் இணைப்புத் திட்டத்துக்கு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தரும்போது, பழைய நிறுவனத்தின் சொத்துகளோடு அதன் பொறுப்புகளும் புதிய நிறுவனத்துக்குப் போகின்றன. நீங்கள் கட்டிய முன்பணம் அந்தப் பொறுப்புகளில் ஒன்று. எனவே இணைப்பு என்றால் பணம் போய்விடும் என்று பதற வேண்டாம். பில்லில் புதிதாக எந்த வரி சேர்ந்திருக்கிறது என்று மட்டும் மாதாமாதம் பாருங்கள்.

2. சொத்து விற்பனை: வாங்குபவர் விரும்பியதை மட்டும் வாங்குவார்

நமக்கும் ஒரு செயற்கைக்கோள் வானொலி இருந்தது. நடுத்தர வயதைத் தாண்டிய வாசகர்கள் சிலருக்கு அது ஞாபகம் இருக்கும். அதன் பெயர் வேர்ல்டுஸ்பேஸ். ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதர். தமிழுக்கு கே.எல். ரேடியோ என்று தனி சேனலே இருந்தது. 2000-ல் ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செயற்கைக்கோளிலிருந்து ஒலி வரும். நம் ஊரில் கேட்க வேண்டுமானால் சின்னத் தட்டை ஆன்டெனாவைக் கிழக்கு வானம் தெரியும் ஜன்னலில் வைக்க வேண்டும். விளம்பரத் தொல்லை இல்லாமல் பழைய பாட்டு கேட்கலாம் என்று ரேடியோவையும் வாங்கி, பல மாதச் சந்தாவையும் முன்கூட்டியே கட்டியவர்கள் ஏராளம்.

2008 அக்டோபரில் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. அப்போதும் இந்தியாவில் பாட்டு நிற்கவில்லை. யாராவது வாங்கிவிடுவார்கள் என்று சந்தாதாரர்கள் நம்பினார்கள். வாங்க ஒருவர் முன்வரவும் செய்தார். ஆனால் இந்தியச் சந்தா வியாபாரம் மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். 2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் சேவை நின்றது. அந்த ரேடியோவில் வேறு எந்த நிலையத்தின் சந்தாவையும் போட முடியாது. மேசைமேல் பெட்டி இருந்தது, உள்ளே குரல் இல்லை.

இந்தக் கதையில் பாடம் இதுதான். நிறுவனம் முழுதாக இணையும்போது பொறுப்பும் கூடவே போகிறது. சொத்தை மட்டும் விற்கும்போது செயற்கைக்கோளை ஒருவர் வாங்கலாம், அலைவரிசையை இன்னொருவர் வாங்கலாம்; வாடிக்கையாளரை யாருமே வாங்காமல் விடலாம். "வாங்க ஆள் வந்தாச்சு" என்ற செய்தியைப் பார்த்ததும் நிம்மதி அடையாதீர்கள். சந்தாதாரர்களையும் சேர்த்து வாங்குகிறாரா என்று பாருங்கள்.

3. திவால்: நீங்கள் வரிசையில் ஒருவர்

மூன்றாவது கதை நமக்கு ரொம்பப் பக்கம். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் மொபைல் தொழிலை இணைக்க 2016-ல் ஒப்பந்தம் செய்தது. 2017 அக்டோபர் முதல் தேதி அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு எங்கும் சிக்னல் விழுந்தது. அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடைமுறைக்குப் போனது.

அந்த நாட்களில் சிரமப்பட்டது யார்? பேலன்ஸில் நூறு இருநூறு வைத்திருந்தவர் மட்டுமல்ல. வங்கி ஓடிபி, கேஸ் பதிவு, வியாபாரத் தொடர்பு எல்லாம் அந்த ஒரே எண்ணில் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் அல்லாடினார்கள். சிக்னல் இல்லாததால் வேறு நிறுவனத்துக்கு மாற எஸ்.எம்.எஸ். கூட அனுப்ப முடியவில்லை. டிராய் தலையிட்டு, மாறுவதற்கான குறியீட்டைச் சந்தாதாரர்களுக்குத் தர வழிசெய்தது.

திவால் நடைமுறை தொடங்கியதும் நிறுவனத்தின்மேல் வழக்குகள் நிறுத்தி வைக்கப்படும். நுகர்வோர் ஆணையத்தில் இருக்கும் வழக்கும் அதில் அடங்கும். பணம் வரவேண்டியவர்கள், நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் குறித்த நாளுக்குள் கோரிக்கை தர வேண்டும். வங்கிகள் முன்னால் நிற்கும் அந்த வரிசையில் சிறு சந்தாதாரர் பின்னால்தான் நிற்பார். அதனால் இங்கே பணத்தைத் துரத்துவதைவிட எண்ணைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

உங்கள் கையில் இருப்பது என்ன?

கைமாறும் செய்தி வந்தவுடன் இந்த வேலைகளைச் செய்துவிடுங்கள்.

*முன்பணம்:* நிலைமை தெளியும்வரை மாதச் சந்தா போதும். வருடச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி, நீங்கள் எடுக்கும் ஆபத்துக்கான கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*சான்று:* பில், ரீசார்ஜ் செய்தி, பேலன்ஸ் திரை, செட்டாப் பாக்ஸ் எண் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். செயலி நின்ற பிறகு அதற்குள் இருக்கும் கணக்கும் தெரியாது.

*எண்:* சிக்னல் பலவீனமாகிறது என்றால் காத்திருக்காதீர்கள். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். வரும் குறியீடு தமிழ்நாட்டில் 4 நாட்கள் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடைக்குப் போய்விடுங்கள். மாறும்போது ப்ரீபெய்டு பேலன்ஸ் கூட வராது. எனவே முதலில் அதைச் செலவழித்துவிடுங்கள்.

*ஏமாற்று அழைப்பு:* "கம்பெனி மாறுது, கேஒய்சி கொடுக்கலைன்னா சிம் கட் ஆகிடும்" என்று யாராவது ஓடிபி கேட்டால் தராதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

புகார் செய்யும் படிகள்

முதல் படி, நிறுவனத்தின் புகார் மையம். பதிவு எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். மொபைல் சேவையில் பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிடிஎச் சேவைக்கு நோடல் அதிகாரி இருக்கிறார். டிராய் விதிகளை வகுக்குமே தவிர, தனிநபர் புகாரைத் தீர்த்து வைக்காது.

இரண்டாவது படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் பதியலாம்.

மூன்றாவது படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது, நம்மவர்கள் திருவண்ணாமலையிலேயே போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் போனிலிருந்தே பதியவும் முடியும்.

பயிற்சி

இன்று இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எந்தெந்தச் சேவைக்கு முன்பணம் கட்டியிருக்கிறீர்கள், எது வரை கட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிடிஎச், மொபைல், பிராட்பேண்ட், ஓடிடி எல்லாம் அதில் வரட்டும். வங்கிக் கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். அந்த ஒரு எண் நாளைக்கு நின்றுபோனால் உங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

அடுத்த முறை கடை வாசலில் "ஒண்ணாகப் போகுதாமே" என்று யாராவது சொன்னால், "இணைப்பா, விற்பனையா, திவாலா?" என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு வருடச் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.