தோலின் தரமும் காலணியின் மடிப்பும்

நடக்கும்போது பாதம் விரல்களின் அடிமூட்டில் வளைகிறது. தோற்காலணியின் மேற்பகுதியும் அவ்விடத்தில் மடிந்தே தீரும். மெல்லிய வரிகள் இயல்பானவை. ஆழ்ந்த சுருக்கங்களே குறையாகும். அவற்றிற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, தோலின் தரம். மாட்டின் முதுகுத் தோலில் நார்கள் நெருங்கிப் பின்னியிருப்பதால் மடிப்பு நுண்ணியதாக விழும். வயிற்றுத் தோலில் நார்கள் தளர்ந்திருப்பதால் தடித்த சுருக்கம் எழும். பதனிட்ட தோலை, மேற்புறம் உட்பக்கம் அமையுமாறு வளைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும்.

இரண்டாவது, அளவு. காலணி பெரிதாயின் பாதத்திற்கும் தோலுக்கும் இடையே வெற்றிடம் உண்டாகி, தோல் அதில் மடிந்து அமுங்கும். மாலையில் பாதம் சற்றே பருத்திருக்குமாதலால், அப்போது அளவெடுத்தல் நன்று.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திறம்படப் பதனிட்டாலும், கிராமத்தில் கெட்ட தோல் முற்றிலும் சீர்படாது. உண்ணிக் கடியும், விலாவில் இட்ட சூட்டுக்குறியும், உரிக்கும் கத்தியின் கீறலும் அழியாத வடுக்களாகும். உப்பிடத் தாமதித்தால் அழுகல் தொடங்கி நார்ப்பின்னலே தளரும். எனவே, உழவர்கள் உண்ணியை ஒழித்து, சூட்டுக்குறிக்குப் பதில் காதுவில்லை அணிவிக்க வேண்டும். உரிக்கும் இடத்தில் உப்பும் ஏற்ற கத்தியும் இருக்க ஊராட்சி மன்றங்கள் ஆவன செய்தல் வேண்டும். தோலின் விலை அங்கேயே நிர்ணயமாகிறது.