இடிந்த தியேட்டருக்கும் ஆவணம் உண்டு
உங்கள் ஊர்ப் பழைய திரையரங்கின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அதே பெயரில் ஒரு காவல் நிலையமும் உண்டு. தினமும் அந்த வழியாகப் போய்வரும் பலருக்கு அது ஏதோ ஒரு ஹாலின் பெயர், அவ்வளவுதான். உண்மையில் அது சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் அங்கே கட்டிய திரையரங்கின் பெயர். ரயில்வே ஊழியராகத் திருச்சியில் இருந்த அவர், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். அதன் பிறகுதான் நிலையான அரங்கு. அந்த அரங்கின் பெயர் பின்னாளில் டிலைட் என்று மாறிவிட்டது. சாலையின் பெயர் மட்டும் மாறவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். ‘‘தியேட்டர் ஸ்டாப் எல்லாம் எறங்குங்க’’ என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் அங்கே கல்யாண மண்டபமோ ஜவுளிக்கடையோ நிற்கும். தியேட்டர் எப்போது வந்தது, யார் நடத்தினார்கள், ஏன் மூடினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகளைச் சரிபார்க்க வழி இருக்கிறது. வீட்டுப் பத்திரத்துக்காக நாம் பயன்படுத்தும் அதே அரசுச் சேவைகள் இதற்கும் உதவும். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஊர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் என யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம்.

முதலில் ஒரே ஒரு கேள்வி

‘‘எங்க ஊர் தியேட்டர்தான் முதல் தியேட்டர்’’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘முதல்’ என்ற சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சென்னை அண்ணா சாலையில் 1913-ல் எழுந்தது எலக்ட்ரிக் தியேட்டர். அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் அஞ்சல்தலை நிலையமாக இருக்கிறது. அதைக் கட்டியவர் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் அரங்கு என்று சொல்லப்படுவது ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி, 1914. கோவையின் வெரைட்டி ஹாலும் அதே 1914-தான். எந்த ஊரில், யார் கட்டியது, கூடாரமா கட்டடமா என்று பிரித்துச் சொன்னால் மூன்று பெருமையும் அதனதன் இடத்தில் நிற்கும். பிரிக்காமல் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

அதனால் கேள்வியைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் படம் ஓடத் தொடங்கியது எந்த ஆண்டு? நின்றது எந்த ஆண்டு? இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் மற்றவை தானாக வந்து சேரும்.

படி 1: பெரியவர்களிடம் பேசுங்கள்

ஆவணம் அடுத்த மாதமும் இருக்கும். எண்பது வயதுக்காரரின் நினைவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. எனவே முதல் வேலை இதுதான். ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவர், இடைவேளையில் முறுக்கு விற்றவர், போஸ்டர் ஒட்டியவர் ஆகியோரைத் தேடுங்கள். முதலாளி வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

‘‘எந்த வருஷம் ஐயா?’’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ‘‘உங்களுக்குக் கல்யாணம் ஆகிடுச்சா அப்ப?’’, ‘‘தரை டிக்கெட் எவ்வளவு?’’, ‘‘கூரை கீத்தா, தகரமா?’’, ‘‘ரீல் பெட்டி எதுல வரும்?’’ என்று கேளுங்கள். கார்பன் குச்சி வைத்துப் படம் ஓட்டினார்களா, படம் தொடங்குவதற்கு முன் என்ன பாட்டு போடுவார்கள் என்றும் கேளுங்கள். அனுமதி கேட்டுவிட்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். பேசியவர் பெயர், வயது, பேசிய தேதி ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவையுங்கள்.

படி 2: சர்வே எண்ணைப் பிடியுங்கள்

அரசு ஆவணத்தில் தியேட்டருக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். இடம் இருக்கும் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவை வேண்டும். கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். நகரம் என்றால் நகர அளவைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். எண் தெரிந்துவிட்டால் அ-பதிவேடு, பட்டா விவரங்களை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய எண் வேறு, இன்றைய எண் வேறாக இருக்கலாம். 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது மக்கள் ‘யு.டி.ஆர்.’ என்று சொல்வதில், பல இடங்களில் உட்பிரிவுகள் மாறின. ஊர் நகராட்சியாக வளர்ந்து நகர அளவை நடந்த இடங்களிலும் எண் மாறியிருக்கும். பழைய எண்ணுக்கு இணையான புது எண் எது என்று நில அளவைப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டின் வரலாற்றை எழுதிவிடுவோம்.

படி 3: வில்லங்கச் சான்று

பதிவுத்துறை இணையதளத்தில் 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பெறலாம். பதிவுச் சட்டம், 1908-ன் 57-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ‘‘நீங்க யாரு, எதுக்குக் கேக்கறீங்க?’’ என்ற கேள்வி வந்தால் இந்தப் பிரிவைப் பணிவாகச் சொல்லலாம்.

பத்திர நகல் கிடைத்ததும் சொத்து விவரப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ‘காலிமனை’ என்று இருக்கிறதா, ‘சினிமா கொட்டகையும் அதைச் சேர்ந்த மிஷின் ரூமும்’ என்பதுபோல் இருக்கிறதா? முதல் வகைப் பத்திரத்துக்கும் இரண்டாவது வகைக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் தியேட்டர் வந்திருக்கும். நிலம் வாங்கிய தேதியைத் திறப்பு விழாத் தேதியாக எழுதிவிடாதீர்கள். மனை வாங்கிப் பல வருடம் கழித்துக் கட்டியவர்களும் உண்டு.

படி 4: ‘சி’ படிவ உரிமம்

திரையரங்கின் பிறப்புச் சான்றிதழ் என்றால் அது இதுதான். தமிழ்நாடு திரையரங்குகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1955, அதன் கீழ் வந்த 1957-ம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி, படம் காட்ட ‘சி’ படிவத்தில் உரிமம் வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரும், சென்னை மாநகரில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகளாக இருந்துவந்தனர். அதற்கு முன்பு 1918-ம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம் இருந்தது. அப்போதும் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமே உரிமம் பெற வேண்டும்.

அந்தக் கோப்பில் உரிமம் மட்டும் இருக்காது. கட்டட வரைபடம், பொதுப்பணித் துறைப் பொறியாளரின் உறுதிச் சான்று, மின் ஆய்வாளரின் சான்று, பக்கத்தில் குடியிருந்தவர்கள் கொடுத்த ஆட்சேபணை மனு எனப் பலவும் இருக்கக்கூடும். டூரிங் டாக்கீஸா, பாதி நிரந்தரமா, நிரந்தரமா என்ற வகையும் தெரியும். கீற்றுக் கொட்டகை காரைக் கட்டடமாக மாறிய ஆண்டை இதிலிருந்து பிடிக்கலாம்.

கேளிக்கை வரிப் பதிவுகளும் உதவும். 1939-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் டிக்கெட் விற்பனைக்குத் தியேட்டர் கணக்குக் காட்டியாக வேண்டியிருந்தது. நகராட்சி, பேரூராட்சியின் சொத்துவரிப் பதிவேடு, மன்றத் தீர்மானப் புத்தகம் ஆகியவற்றிலும் தியேட்டர் பெயர் அகப்படும்.

படி 5: தகவல் அறியும் உரிமை மனு

உரிமக் கோப்பைப் பார்க்க, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

மனுவில் கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். ‘தியேட்டர் ஏன் மூடப்பட்டது?’ என்பது கருத்துக் கேட்பது போல் ஆகிவிடும். இப்படி எழுதலாம்:

‘…… வட்டம், …… கிராமம், பழைய சர்வே எண் ……, புதிய எண் …… -ல் இயங்கிய …… திரையரங்குக்கு முதன்முதலில் வழங்கப்பட்ட ‘சி’ படிவ உரிமத்தின் நகல், கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட உரிமத்தின் நகல், உரிமம் ரத்து அல்லது ஒப்படைப்பு தொடர்பான ஆணையின் நகல் ஆகியவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டுகிறேன்.’

கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வரலாம். மனம் தளராதீர்கள். அரசு அலுவலகங்களில் முடிந்த கோப்புகளுக்கு ஆயுள் உண்டு. கடித எண்ணுக்கு முன்னால் ‘ஓ.மு.’ என்றிருந்தால் ஓராண்டு, ‘மூ.மு.’ என்றால் மூன்றாண்டு, ‘ப.மு.’ என்றால் பத்தாண்டு, ‘நி.மு.’ என்றால் நிரந்தரம். எனவே முதலாளி குடும்பத்திடம் ஏதாவது பழைய கடிதம் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதிவறையில் தேடுபவருக்கும் வேலை சுலபம். ‘ப.மு.’ கோப்பு போயிருந்தாலும், அதே தியேட்டர் குறித்த ‘நி.மு.’ கோப்பு ஒன்று இருக்கக்கூடும்.

படி 6: நூலகமும் காப்பகமும்

படம் வெளியான நாளில் நாளிதழ்களில் வரும் விளம்பரத்தில் எந்த ஊரில், எந்தத் தியேட்டரில் என்று பட்டியல் இருக்கும். ஒரு தியேட்டர் இயங்கியது என்பதற்கு அது நல்ல சாட்சி. சென்னை கன்னிமாரா நூலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றில் பழைய இதழ்கள் உள்ளன. ரோஜா முத்தையா நூலகத்தில் சினிமா பாட்டுப் புத்தகங்களும் உண்டு. சென்னைக்கு வர முடியாதவர்கள் முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடிப் பார்க்கலாம். உங்கள் ஊர் அச்சகத்தையும் மறக்காதீர்கள். தியேட்டர் நோட்டீஸ் அடித்தவர்கள் அவர்கள்தான்.

நினைவும் ஆவணமும் மோதினால்?

ஓர் எடுத்துக்காட்டு. ‘‘நாடோடி மன்னன்தான் தம்பி மொதப் படம். நான் அப்ப அஞ்சாப்பு’’ என்கிறார் ஒரு தாத்தா. படம் வெளியானது 1958-ல். ஆனால் உரிமத்தில் 1961 என்று இருக்கிறது. தாத்தா பொய் சொல்கிறாரா? இல்லை. சின்ன ஊர்களுக்குப் படப்பெட்டி மெதுவாகத்தான் வரும். பழைய படத்தைப் போட்டுத் தியேட்டரைத் திறந்ததும் உண்டு. மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது போல, புதுப் படத்தோடு திறக்கும் வசதி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அல்லது 1958-ல் அதே இடத்தில் டூரிங் கொட்டகை இருந்திருக்கலாம். அவர் அஞ்சாம் வகுப்பில் இருந்தது எந்த ஆண்டு என்று பள்ளிச் சான்றிதழைப் பார்த்தால் முடிச்சு அவிழலாம். அப்படியும் தீரவில்லையா? இரண்டையும் எழுதி, எது யார் சொன்னது என்று குறிப்பிட்டுவிடுங்கள். ஒன்றை மறைத்து மற்றொன்றை எழுதக் கூடாது.

காகிதத்தில் இல்லாதவர்கள்

பத்திரத்தில் முதலாளி பெயர் இருக்கும். உரிமத்தில் நடத்தியவர் பெயர் இருக்கும். முப்பது வருஷம் புரொஜெக்டர் சூட்டில் நின்றவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இருக்காது. திரையரங்குத் தொழிலாளர்களுக்கென்று 1981-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் அரங்குகளுக்கும் வருங்கால வைப்பு நிதியை அது விரிவாக்கியது. ஆனால் சின்னக் கொட்டகைகளில் ஏட்டில் ஏறாமலே வேலை பார்த்தவர்கள் பலர். அவர்கள் பெயரை நீங்கள் எழுதினால்தான் உண்டு. யார் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ன வேலை பார்த்தார் என்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். படி 1-ல் அவர்களைத் தேடச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

கவனிக்க வேண்டியவை

சொத்து வழக்கு நடக்கும் இடமாக இருந்தால் இன்றைய வாரிசுகளின் பெயர், முகவரியை வெளியிட வேண்டாம். பூட்டிய கட்டடத்துக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். பழைய கூரை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. மூலப் பத்திரத்தை யாரிடமும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயே படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்றை ஊர்க் கிளை நூலகத்துக்குக் கொடுங்கள். இன்னொன்றை உங்களிடம் பேசிய பெரியவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். ‘‘இங்க தப்பா எழுதியிருக்க, கண்ணு’’ என்று அவர் ஓரிடத்தில் நிறுத்துவார். அந்தத் திருத்தத்தையும் சேர்த்த பிறகுதான் வேலை முடிகிறது.