வீட்டுத் திசைவியின் வாயிற்கதவு

சுங்கை சிப்புட் வட்டாரத்தின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வெளியேறிய பல குடும்பங்கள் இன்று குடியிருப்புப் பகுதிகளில் வாழ்கின்றன. அங்குள்ள வரிசை வீடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஐந்தாம் படிவ மாணவியின் மடிக்கணினி, பெற்றோரின் திறன்பேசிகள், தொலைக்காட்சி, வாசலில் பொருத்திய கண்காணிப்புக் கேமரா ஆகிய எல்லாமே ஒரே சிறு பெட்டியின் வழியாகத்தான் இணையத்தை அடைகின்றன. ரவுட்டர் எனப்படும் திசைவிதான் அது. பொருத்திய நாள் முதல் அதை யாரும் தொடுவதில்லை. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு சரி.

இத்தகைய கவனக்குறைவின் விளைவை 2016ஆம் ஆண்டில் உலகம் கண்டது. மிராய் என்னும் தீநிரல், இணையத்தோடு இணைந்திருந்த கேமராக்களையும் திசைவிகளையும் தேடிச் சென்று, தயாரிப்பாளர்கள் இட்ட கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்றது. அதனிடம் இருந்தவை ஏறத்தாழ 60 பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளே. இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்ற அவையே போதுமானவையாக இருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகளுள் பல ஒருசேர டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கின. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. கைப்பற்றப்பட்ட கேமரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, உரிமையாளருக்கு ஐயம் எழ வாய்ப்பே இல்லை.

திசைவியின் அடியில் ஒட்டப்பட்ட தாளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரி இருக்கும். அதை உலாவியில் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். இங்கே பலர் குழம்புவதுண்டு. அருகலையில் சேர்வதற்கான கடவுச்சொல் வேறு. இப்பக்கத்தில் நுழைவதற்கான கடவுச்சொல் வேறு. முன்னதை மட்டும் மாற்றிவிட்டுப் பின்னதை விட்டுவிடுவது, முன்கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது போன்றது. வெளியிலிருந்து திசைவியை நிர்வகிக்கும் வசதி தேவையில்லை என்றால் அதையும் அணைத்துவிடலாம். மென்பொருளைப் புதுப்பிப்பதும் இப்பக்கத்திலேயே நடைபெறும். குறியாக்கத்திற்கு 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 சிறந்தது. பழைய கருவிகள் அதை ஏற்காவிட்டால் டபிள்யூபிஏ2 போதும்.

பலரும் பயன்படுத்தாத வசதி, விருந்தினர் வலையமைப்பு. தீபாவளிக்கு வரும் உறவினர்கள் உட்கார்ந்ததும் அருகலைக் கடவுச்சொல்லைத்தான் கேட்கிறார்கள்! அவர்களுக்குத் தனி வலையமைப்பைக் கொடுத்தால் இணையம் கிடைக்கும். ஆனால், வீட்டுக் கணினியில் உள்ள கோப்புகளை அவர்களின் கருவிகள் எட்ட முடியாது. கேமராவையும் அதிலேயே சேர்ப்பது நல்லது. அது பிறர் கைக்குப் போனாலும், அம்மா வங்கிக் கணக்கைப் பார்க்கும் மடிக்கணினியை எளிதில் நெருங்க முடியாது.

வேகம் குறைந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறலாம். ஆனால், கற்சுவர்களைக் கடக்கும் திறன் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கே அதிகம். பின்கட்டு அறையில் படிப்பவருக்கு அதுவே பொருந்தும்.

எல்லாம் முடிந்ததும் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்து வைக்கலாம். பேராக்கில் மாலை வேளைகளில் இடி மின்னல் அடிக்கடி வரும். இணைய வடத்தின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது; திசைவியின் மின்கம்பியோ கடத்தும். எனவே, வானம் இருண்டதும் செருகியைக் கழற்றிவிட வேண்டும்.