படகுத் தரகரின் உரிமம்: யார் தலையில் செலவு?

கேள்வி: புளோரிடாவில் இருக்கும் என் மகன், நண்பர்களோடு சேர்ந்து 36 அடி நீளப் பழைய படகு ஒன்றை வாங்கப் போகிறான். தரகர் அரசு உரிமம் பெற்றவர், பயமில்லை என்கிறான். படகு விற்றுக் கொடுக்கக்கூட உரிமமா? அந்தச் செலவு கடைசியில் வாங்குபவர் தலையில்தானே விழும்?
- வாசகர், திருச்சி

பதில்: விழத்தான் செய்யும். ஆனால் அதில் எவ்வளவு உங்கள் மகனுக்குக் காவலாகிறது, எவ்வளவு வெறும் சுமை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

புளோரிடாவில் 32 அடிக்கு மேற்பட்ட படகைப் பிறருக்காகக் கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவர் உரிமம் எடுத்தாக வேண்டும். சொந்தப் படகை விற்பவருக்குத் தேவையில்லை. புதுப் படகு விற்பனைக்கும் தேவையில்லை.

பழைய படகு வாங்குவது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பாகத்தைச் சோதிப்பார்கள், கடலில் ஓட்டிப் பார்ப்பார்கள். வழக்கமாக விலையில் பத்தில் ஒரு பங்கு அட்வான்ஸ். அத்தனை நாளும் அது தரகர் வசம். அந்தப் பணத்தைச் சொந்தக் காசோடு கலக்காமல் வங்கியில் தனிக் கணக்கில் போட வேண்டும் என்கிறது சட்டம். இந்த உரிமத்தின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது என்பேன்.

தரகர் 25,000 டாலருக்கு ஜாமீன் பத்திரமும் கட்ட வேண்டும். 3 லட்சம் டாலர் படகுக்கு அட்வான்ஸே 30,000 டாலர். தரகர் ஏமாற்றினால் அந்த ஜாமீன் ஒருவருக்கே போதாது. ஏமாந்தவர்கள் பலர் என்றால் சொல்லவே வேண்டாம். அந்தப் பத்திரத்துக்கான பிரீமியமோ ஆண்டுதோறும் கமிஷனில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதைவிடப் பெரிய செலவு எந்த ரசீதிலும் வராது. புளோரிடாவில் தரகராக வேண்டுமென்றால், முதலில் குறைந்தது 2 ஆண்டுகள் இன்னொரு தரகரிடம் உரிமம் பெற்ற விற்பனையாளராக இருந்திருக்க வேண்டும். படகைக் கரைத்துக் குடித்தவராக இருந்தாலும் நேரே கடை போட முடியாது. புதியவர்கள் தயங்கி நின்றால், இருப்பவர்களுக்குக் கமிஷனைக் குறைக்க என்ன அவசரம்? 2015-ல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை, தொழில் உரிமங்களால் பல துறைகளில் விலை 3 முதல் 16 சதவீதம் வரை ஏறியதாகச் சொன்னது. அது படகுக்கென்று செய்த கணக்கல்ல. ஆனால் விலை ஏறும் வழி இங்கும் அதேதான்.

புளோரிடா அரசே இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. படகுத் தரகரின் ஒவ்வொரு கிளை அலுவலகத்துக்கும் தனி உரிமம் கேட்டுக்கொண்டிருந்ததை 2020-ல் நீக்கியது. தனிக் கணக்கு விதியைத் தொடாமல் சுமையை மட்டும் இறக்கிய நல்ல வேலை அது. அந்த 2 ஆண்டுக் காத்திருப்பையும் எடுத்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

படகு கட்டுபவர்களின் கதை வேறு. சிறு படகு கவிழ்ந்து நீர் நிறைந்தாலும் மிதக்க வேண்டும் என்பது போன்ற பாதுகாப்பு விதிகள் 1971-ஆம் ஆண்டின் அமெரிக்க மத்தியச் சட்டத்திலிருந்து வருபவை. கடலோரக் காவல் படைதான் அவற்றைக் கவனிக்கிறது. டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் தயாரிப்பாளரிடமும் தனியாக உரிமம் கேட்கின்றன. அந்த மாநில உரிமத்தை வைத்துப் படகு உறுதியானது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

உங்கள் மகனிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். தரகரின் உரிம எண்ணை மாநிலத் தொழில் ஒழுங்குமுறைத் துறையின் தளத்தில் சரிபார்க்கட்டும். அட்வான்ஸ் எந்த வங்கியில், எந்தக் கணக்கில் போகிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கட்டும். படகைச் சோதிக்கும் சர்வேயரைத் தரகர் கைகாட்டும் ஆளாக எடுக்காமல், தானே தேடிப் பிடிக்கட்டும்.